அம்மா பிறந்த வீட்டுக் காய்ச்சல்

முப்பத்தைந்து வயதில் எனக்குக் கீழ்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கின. பல் ஆடியதால்தான் என் காய்ச்சலுக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை முன்பே தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு நயமாகச் சொல்ல வராது. சங்கரன்கோவிலில் நாங்கள் விசைத்தறி ஓட்டுகிறோம். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய வாய் இது.

எழுதக் காரணம் என் மகள் பவித்ரா. ஒன்பது வயது. அவளுக்கும் அந்தக் காய்ச்சல் வரத் தொடங்கியது. நான் பட்டதை அவள் படக்கூடாது. அதற்காக யாரைப் பகைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன். பகைத்தும் விட்டேன்.

முதலில் காய்ச்சலைச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்தே வரும். காலையில் நன்றாக இருப்பேன். மதியத்துக்குள் வயிறு பலகை மாதிரி இறுகிவிடும். குளிர் உலுக்கும், உடம்பு கொதிக்கும், மூச்சை இழுத்தால் விலாவில் கத்தி ஏறும். இரண்டு நாள் சுருண்டு கிடப்பேன். மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்பேன். பார்க்கிறவர்களுக்கு நடிப்பாகத்தான் தெரியும். "கோமதிக்கு வேலை கூடுனா காய்ச்சலும் கூடிரும்" என்று தறியில் கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

மூன்றாம் நாள் தானாகப் போகிற காய்ச்சலில் ஒரு கெடுதல் உண்டு. யார் வைத்தியம் பார்த்தாலும் பலித்துவிடும். அம்மா கோவில் புற்றுமண்ணைக் குழைத்து வயிற்றில் பூசுவாள், போய்விடும். கம்பவுண்டர் ஊசி போடுவார், போய்விடும். ஒரு தடவை பக்கத்துவீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போட்டாள், அதற்கும் போனது. எல்லோரும் என்னைக் குணப்படுத்தினார்கள். அதனால் எனக்கு என்ன நோய் என்று யாரும் தேடவில்லை.

பத்தொன்பது வயதில் வந்த வலியைப் பார்த்துவிட்டு, குடல்வால் வெடிக்கப் போகிறது என்று வயிற்றைக் கிழித்தார்கள். என் தாய்மாமா அப்போது பம்பாயில் மில் ஆபீசில் வேலை. லீவில் சிவகிரிக்கு வந்திருந்தவர் செய்தி கேட்டு ஓடிவந்தார். தியேட்டர் வாசலில் நின்றார். எங்களிடம் காசில்லை என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு அவரே பணம் கட்டினார். இளநீர் வெட்டிக் கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினார். மாமாவைப் போல உண்டா என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன். தையல் பிரிப்பதற்குள் அடுத்த காய்ச்சல் வந்தது.

இனி பல். பல் தேய்த்தால் ரத்தம் வருவது எனக்குப் பழக்கம். அதை ஒரு நோயாகவே நினைத்ததில்லை. பல் ஆடவும் பயம் வந்து எங்கள் ஊரிலேயே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசுக்காரர். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். ஈறு பல்லை விட்டுக் கழன்று பை மாதிரித் தொங்குகிறதாம். எக்ஸ்ரேயில் தாடை எலும்பு அரித்திருந்தது.

"வெத்தலை, புகையிலை உண்டாக்கா?"

"கிடையாது."

"சுகர்?"

"பாத்தாச்சு. இல்ல."

"பிறகு எப்படி இந்த வயசுல இவ்வளவு எலும்பு கரையுது?"

சுத்தம் செய்ய இரண்டு தடவை நாள் கொடுத்தார். இரண்டு தடவையும் நான் போகவில்லை. மூன்றாவது தடவை போனதும் கேட்டார்: "முந்தியும் காய்ச்சல்னீங்க, இப்பவும் காய்ச்சல்ங்கீங்க. எப்ப வந்தாலும் மூணு நாள்தானா?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்டார். பாளையங்கோட்டையில் மூட்டு, அழற்சி நோய்களைப் பார்க்கிற ஒரு பெரிய டாக்டரிடம் அன்றைக்கே போன் பேசி அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கூட வந்தார். அம்மாவும் வந்தாள். அப்பா இறந்த பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். பஸ் தேவர்குளம் தாண்டும்போதே எனக்குக் குளிர் எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வரிசையில் நாற்காலி இல்லாமல் தரையில் சுருண்டேன். உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது அந்த டாக்டர் முகத்தில் சந்தோஷம். "நல்ல நேரத்துல வந்திருக்கீங்கம்மா. வலி இருக்கும்போதே ரத்தம் எடுத்துரலாம்" என்றார். எனக்கு அடிக்கலாம்போல இருந்தது. அவர் சொன்னது சரிதான். வலியின்போது எடுத்த ரத்தத்தில் அழற்சிக் கணக்கு தாறுமாறாக ஏறியிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு எடுத்ததில் இறங்கியிருந்தது. ஆனால் முழுசாக இறங்கவில்லை.

வார்டில் இருந்த நாட்களில் அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை இங்கே சொல்கிறேன். நோயின் பெயர் ஃபெமிலியல் மெடிட்டரேனியன் ஃபீவர். பரம்பரையாக வருவது. கிருமி நுழைந்தால் உடம்பு தீ மூட்டி அதை எரிக்கும். அந்தத் தீதான் அழற்சி. இந்த நோயில் கிருமியே இல்லாமல் தீ பற்றிக்கொள்ளும். தீயை அடக்குகிற பொறுப்பில் உள்ள ஒரு மரபணு பழுது. நம் பக்கத்தில் அபூர்வம் என்பதால் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஈறுக்கும் இதற்கும் என்ன என்று கேட்டேன். அழற்சியில் வேலை செய்கிற வெள்ளை அணுக்கள் ஆக்சிஜனிலிருந்து அரிக்கும் தன்மையுள்ள பொருள்களைக் கக்குமாம். அவற்றை அணைக்கவும் உடம்பில் சரக்கு இருக்கிறது. கக்குவது அதிகமாகி அணைப்பது பற்றாமல் போனால், இரும்பைத் துரு தின்பதுபோல நம் சதையையே அது தின்னும். அதற்குப் பெயர் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். காய்ச்சல் இல்லாத நாளிலும் என் உடம்பில் இது கொஞ்சம் நடந்துகொண்டே இருக்கலாம். ஈறுகளில் கிருமி சேர்ந்த இடத்தில் இன்னும் அதிகமாக நடந்து எலும்பு வரை போயிருக்கலாம். அழுகிய ஈறும் சும்மா இருக்காது. தன் பங்குக்கு ரத்தத்தில் அழற்சியைக் கூட்டும். "எது எதைக் கூட்டுதுன்னு முழுசா யாரும் தீர்த்துச் சொல்லலம்மா. ரெண்டு அடுப்பையும் அணைப்போம்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிறுநீரில் புரதம் போகிறது என்றார். வருடக்கணக்காக அழற்சி இருந்தால் ஒருவகைப் புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுத்துவிடும். எனக்குத் தொடக்கம்தான், இன்னும் கைமீறவில்லை. "சின்ன வயசுலயே மாத்திரை தொடங்கியிருந்தா இது வந்திருக்காது." மாத்திரை கால்சிசின். ஊரில் வாத வலிக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது சார்" என்றாள். நானும் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. எங்களுக்குக் குடும்பம் என்றால் அப்பா வழி. பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள். கல்யாணமாகி வந்த அன்றே பெண்ணுக்குப் புருஷன் வீடுதான் குடும்பம். அவள் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும், மாலை வரும். நோய் வரும் என்று யார் நினைப்பார்கள்? அதற்கு முன்பும் ஒன்றிரண்டு டாக்டர்கள் அதே கேள்வியைக் கேட்டு, நாங்கள் பங்காளி வீடுகளை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்து, இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

மாத்திரை தொடங்கியதும் எனக்கு வயிற்றால் போனது. அப்போது மாமாவும் செல்வி அத்தையும் சிவகிரியிலிருந்து பார்க்க வந்தார்கள். அத்தை மாமாவின் மனைவி. பம்பாய் வேலையை விட்டு அவர்கள் ஊருக்கே வந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஹார்லிக்ஸ், பழம், எனக்கு ஒரு நைட்டி, பவித்ராவுக்கு ஒரு கலர் பென்சில் டப்பா. அத்தை என் கூந்தலைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே சொன்னாள்:

"பயப்படாத மக்கா. இந்த மாத்திரைக்கு மொத ஒரு வாரம் வயித்தால போவத்தான் செய்யும். பால் குடிக்காத. ராத்திரி சோத்துக்குப் பிறகு போட்டேன்னா நின்னுரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். மாத்திரையின் பெயரை நான் அவளிடம் சொல்லவில்லை. அட்டை மேசைமேல் கிடந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அத்த?"

அத்தையின் கை நின்றது. அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா ஜன்னலைப் பார்த்தார். "செல்வி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

போகிறபோது சிரித்தார். அந்தப் பல்செட் சிரிப்பு. நாற்பது வயதுக்குள் மாமாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. பம்பாய்த் தண்ணி என்று சொல்லிக் கல்யாண வீடுகளில் கேலி செய்வோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அத்தை கையில் வைக்கிற மாத்திரையைப் பிரஷர் மாத்திரை என்பார். எல்லாம் எனக்கு அப்போது ஒன்றாக வந்து நின்றது. பக்கத்தில் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சிவகிரிக்குப் போனேன். மாமாவின் இளைய மகள் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு இந்தச் சீக்கு இருக்கா இல்லையா? ஒத்தச் சொல்லுல சொல்லுங்க."

"உள்ள வாட்டி. ஏன் தெருவுல நின்னு கத்துத?"

"என் பேச்சே இப்படித்தான். இருக்கா?"

"இருக்கு."

"எப்பத்துலருந்து தெரியும்?"

"பம்பாயில இருக்கும்போதே ஒரு டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரு."

"என் வயித்தக் கிழிச்சப்பத் தெரியுமா?"

மாமா வெள்ளையடிக்கிறவனைப் பார்த்து, நீ போய் டீ குடிச்சுட்டு வா என்றார். அவன் போனதும், "தெரியும்" என்றார்.

"பிறகு ஏன் சொல்லல?"

"குடலுன்னு பெரிய டாக்டரே சொல்லுதான். நான் எப்படிக் குறுக்க பேச? அதுவுமில்லாம, பரம்பரைச் சீக்குன்னு ஒரு பேச்சுக் கெளம்புச்சுன்னா ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? யாரு வருவா?"

"நானும் பொட்டப்புள்ளதான மாமா."

"அதுக்குத்தான நான் பணம் கட்டுனேன்" என்றார்.

நன்றிக்கடன் என்று இத்தனை வருடமாக நெஞ்சில் வைத்திருந்தது என்ன என்று அப்போது தெரிந்தது. அவர் கட்டியது என் வைத்தியத்துக்கான பணம் இல்லை, அவர் வாயை மூடிக்கொண்டதற்கான பணம். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவிடம் அன்று சாயங்காலம் கேட்டேன். அவள் முதலில் அழுதாள். நான் அழவிட்டேன். பிறகு சொன்னாள். சின்ன வயதில் தம்பிக்கும் இதே மூன்று நாள் காய்ச்சல்தான். அவளே மடியில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பம்பாயில் மாத்திரை சாப்பிட்ட பிறகு நின்றுவிட்டது என்றும் தெரியும்.

"எனக்கும் அதேதான்னு உனக்குத் தோணலையா?"

"தோணிச்சுட்டி. கேட்டேன். அது ஆம்பளைகளுக்கு உள்ள சூட்டு மாத்திரைன்னான்."

"நீ நம்பிட்டியா?"

"எந்தம்பி சொல்லுதான், நம்பாம?"

"டாக்டரு குடும்பத்துல யாருக்கும் உண்டான்னு கேட்டப்பயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"அவன் வேற வீடுல்லா" என்றாள். "பொறந்த வீட்டுக் காரியத்த நான் எப்படி வெளிய சொல்ல?"

பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்காதவள் என்று அம்மாவுக்கு நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயரை என் வயிற்றில் தையலாகப் போட்டிருக்கிறார்கள். மாமா ஏமாற்றினார், அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அம்மாவுக்கு என்ன கணக்கு? நான் துடிக்கும்போது புற்றுமண் பூசிய கை பொய்யில்லை. அந்தக் கை பூசிய நேரத்திலும் அவளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதை அவள் ஒரு டாக்டரிடமும் சொல்லாமல் விட்டாள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இதற்குள் பவித்ராவுக்கு இரண்டு தடவை வலி வந்துவிட்டது. எப்படி வரும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். பழுதான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பெரும்பாலும் இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள், என் அம்மா மாதிரி. என் அப்பாவும் அம்மாவும் முறைக்காரர்கள். என் வீட்டுக்காரர் என் அப்பாவோடு பிறந்த அத்தையின் மகன். சொத்து வெளியே போகாது என்று கட்டி வைத்தார்கள். இதுவும் வெளியே போகவில்லை.

என் மரபணுப் பரிசோதனை முடிவு தெளிவாக வரவில்லை. ஒரு பழுது நிச்சயம். இன்னொன்று நோய் தரக்கூடியதா என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் யோசித்தார். "குழந்தைக்கு ஆயுசு முழுக்க மாத்திரைன்னா எனக்கு உறுதி வேணும். உங்க சொந்தத்துல இதே நோய் உள்ளவர், இந்த மாத்திரைல நின்னவர் ஒருத்தர் இருந்தாருன்னா தயங்க மாட்டேன். உங்க மாமாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க."

போன் செய்தேன். "தை மாசம் கல்யாணம் முடியட்டும். பிறகு எங்கன வேணும்னாலும் வாரேன்" என்றார் மாமா. அம்மாவும் அதையே சொன்னாள். "அவளுக்கு ஒரு வழி பொறந்துரட்டும் மக்கா. பவிக்கு இப்ப என்ன அவசரம்? நாளைக்கு இவளயும் ஒரு வீட்டுல கேட்டு வரணும்லா."

தை மாதம் வரை பவித்ராவின் வயிறு காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரில் ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடல்வால் மாதிரித் தெரிகிறது, ஆபரேஷனுக்குத் தயாராக இருங்கள் என்றார். நான் மகளைப் போர்வையில் சுற்றிக் காரில் போட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனேன். அம்மாவும் ஏறிக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கவில்லை. டாக்டர் அறையில் வைத்து மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் திறந்து மேசைமேல் வைத்தேன். டாக்டர் தான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு இந்தக் காய்ச்சல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

மாமா சொன்னார்: "எனக்கா? எனக்கு பிரஷர் மட்டுந்தான் சார்." வைத்துவிட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பவித்ரா அவள் மடியில்தான் தலை வைத்துப் படுத்திருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அப்போது என் போன் அடித்தது. செல்வி அத்தை. எடுத்ததும், "டாக்டர்ட்ட குடு" என்றாள்.

"டாக்டர் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. பேசுங்க."

"சார், நான் அவுக வீட்டுக்காரி. அவுகளுக்கு அந்தச் சீக்கு இருக்கு. இந்த மாத்திரைதான். பதினெட்டு வருசமா நாந்தான் எடுத்துக் குடுக்கேன். போட்டா வாரதில்ல. ஊருக்குப் போற எடத்துல மறந்துட்டா வந்துருது. பிள்ளைக்கு எழுதிக் குடுங்க சார்."

பின்னால் மாமாவின் சத்தம் கேட்டது. "ஏட்டி, போன வையி. மகளுக்குக் கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?"

"வச்சிருதேன், இரிங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அத்தை எங்களிடம் சொன்னாள்: "ராத்திரி சோத்துக்குப் பிறகு குடு மக்கா."

டாக்டர் எழுதினார்.

அத்தையை நான் கும்பிடப் போவதில்லை. பதினெட்டு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான் அவளும். ஆனால் என் மகளுக்காக வாய் திறந்தவள் அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை, அந்த வீட்டுக்கு வந்தவள்.

என் ஈறுகளைப் பல் டாக்டரம்மா வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒரு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று, மற்றது நிற்கிறது. காய்ச்சல் இப்போது எப்போதாவதுதான் வருகிறது. சிறுநீர்ப் புரதம் கூடவில்லை, குறையுமா என்று பார்க்க வேண்டும். பவித்ராவையும் பல் டாக்டரிடம் தவறாமல் கூட்டிப்போகிறேன். கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு வரவில்லை. பரம்பரைச் சீக்குக்காரி என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். பேசட்டும். நானே பெயரோடு எழுதிவிட்டேன். வந்து வந்து தானாகப் போகிற காய்ச்சல் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், உங்கள் அம்மா பிறந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள். சொல்லமாட்டார்கள். திரும்பக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஊர் திரும்பிய அன்று ராத்திரி, பவித்ரா சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தேன். அம்மா அடுக்களையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றாள். எனக்கு நீட்டினாள். நான் வாங்கி மகளிடம் கொடுத்தேன். பவித்ரா மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் இருவருமே குனிந்து பார்த்தோம்.